சார்ஜ் மட்டும் ஏறும்

திரையில் மறுபடியும் அதே வரி: போன் எதுவும் இணைக்கப்படவில்லை. கேபிளின் ஒரு முனை காரில், மறு முனை போனில், போனின் நெற்றியில் சார்ஜ் ஏறுகிற குட்டி மின்னல்கூட இருக்கிறது, பிறகும் இணைக்கப்படவில்லையாம், கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு என்று அக்ஸிலியா டேஷ்போர்டைப் பார்த்துக் கேட்டாள், வாய்க்குள்ளேதான், ஏனென்றால் பின் சீட்டில் மிரியா தூங்குகிறாள், முன்னும் பின்னும் பெல்ட் போட்ட குழந்தை இருக்கையில் தலை ஒரு பக்கம் சாய்ந்து, எச்சில் ஒரு நூலாக இறங்கி, இப்போதுதான் கண்ணசந்திருக்கிறாள். கேபிளைப் பிடுங்கித் துப்பட்டா நுனியால் துடைத்துத் திரும்பச் சொருகினாள். சாவி முதல் திருகில் நிற்கிறது, எஞ்சின் இன்னும் ஓடவில்லை, திரை மட்டும் விழித்திருக்கிறது. இணைக்கப்படவில்லை. வழி தெரியாதா என்றால் தெரியும், தெரியும் என்று நினைத்த நிமிஷத்தில் தெரியாமல் போகிற வழி அது, சரவணம்பட்டியிலிருந்து நேராகப் போனால் கணபதி, அதைத் தாண்டினால் காந்திபுரம், அங்கே அந்தப் பாலம், பாலத்துக்கு மேல் இன்னொரு பாலம், எதில் ஏறவேண்டும் எதன் அடியில் போகவேண்டும் என்பது கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பிறவியிலேயே தெரிந்திருக்கும்போல, தூத்துக்குடிக்காரிக்கு எல்லாம் ஒரே பாலம்தான், தப்பாக ஏறிவிட்டால் இறங்க முடியாது, பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கும், பிள்ளை அலறும், அவள் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு அழுவாள், அதை யாராவது போனில் படம் பிடிப்பார்கள். போனை மடியில் வைத்துக்கொண்டு மேப் குரலை மட்டும் கேட்டுப் போகலாம் என்றால் அந்த போனின் ஸ்பீக்கருக்குள் பால் போய்விட்டது, மிரியாவின் பால்தான், அன்றிலிருந்து அது தொண்டை கட்டின பாதிரியார் மாதிரி கரகரக்கிறது. குனிந்து போனைப் பார்த்தால் ரோடு தெரியாது. ரோட்டைப் பார்த்தால் வழி தெரியாது. திரையில் வரவேண்டும், பெரிதாக, நீலக் கோடாக, கார் ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் இடப்பக்கம் வலப்பக்கம் என்று சொல்லிக்கொண்டே கூட வரவேண்டும், அது போதும், அது வந்துவிட்டால் அவள் போய்விடுவாள்.

போய்விட்டு வரவேண்டும், அதுதான் பேச்சு. போனவாரம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே புருஷன் கிளீட்டஸ் சொன்னான், அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கு அவனுக்குத் தட்டு எப்போதும் வசதி. "சரி, ஒண்ணு செய்வோம். பிள்ளைக்கு ஊசி போடுத அன்னைக்கு நீயே ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுத்துட்டுப் போ. தனியா. போயிட்டு முழுசா வந்துட்டேன்னா பிள்ள உங்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா அம்மா சொல்லுத மாதிரி ஒரு வருஷம் ஊர்ல இருக்கட்டும். நீ நல்லா ஆன பொறவு கூட்டிட்டு வருவோம்." நல்லா ஆன பொறவு. அவளுக்கு என்ன காய்ச்சலா, நல்லா ஆவதற்கு. பயம். பயம் எல்லாருக்கும்தான் இருக்கிறது, இவளுக்குக் கொஞ்சம் அதிகம், கொஞ்சம் என்றால், தூங்குகிற பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள், மூச்சு சுடும், விரலை எடுத்தவுடன் சுட்டதா இல்லையா என்று சந்தேகம் வரும், மறுபடி வைப்பாள், டாக்டரம்மாவே சொல்லிவிட்டார், புதுசாகப் பெற்றவர்களுக்கு இது வரும், போகும், தனியாக விடாதீர்கள், திட்டாதீர்கள் என்று, அதைக் கேட்டுவிட்டுக் கிளீட்டஸ் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டான். அதற்கப்புறம்தான் கட்டில். ஒரு மத்தியானம், பால் கொடுத்துக்கொண்டே இவள் கண்ணை மூடியிருக்கிறாள், எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது, டொப் என்று ஒரு சத்தம், தேங்காய் விழுகிற மாதிரி, இல்லை, தேங்காய் இல்லை, அந்தச் சத்தத்துக்கு உவமையே கிடையாது, எழுந்து பார்த்தால் மிரியா தரையில், அழவில்லை, அழாத அந்த ஒரு நொடி இருக்கிறதே, பிறகு வீடு அதிர அழுதாள், நெற்றியில் ஒரு எலுமிச்சம்பழம் வீங்கியது, வடிந்துவிட்டது, பிள்ளை மறந்துவிட்டது. மாமியார் சலேத்தம்மாள் மறக்கவில்லை. பிள்ளை விழுந்துவிட்டது என்று யாருக்கும் மாமி சொன்னதில்லை, கட்டிலிலிருந்து பிள்ளையைப் போட்டவ என்றுதான் தூத்துக்குடி முழுக்கச் சொன்னாள், பூசைக்கு வந்தவர்களிடம், மீன் வாங்க வந்தவர்களிடம், போட்டவ, போட்டவ, இவள் பிள்ளையைத் தூக்கி எறிந்த மாதிரி. அக்ஸிலியா உடம்பைத் திருப்பிப் பின்னால் கை நீட்டி மூக்கடியில் விரல் வைத்தாள். சுட்டது. விரலை எடுத்தாள். சுட்டதா?

கையை ஸ்டியரிங்கில் வை. உள்ளங்கை கீழே. அது சிஸ்டர் ஃபிலோமினின் குரல், டெஸ்க் மேல் கை, உள்ளங்கை கீழே, உதட்டில் விரல், மற்ற பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற வயதில் கான்வென்ட்டில் இவர்களுக்கு உதட்டில் விரல் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், மற்றதெல்லாம் அப்புறம். இருபத்தெட்டு வயதிலும் யாராவது குரலை உயர்த்தினால் விரல் தானாக மேலே வரப்பார்க்கிறது. அடங்கி இருப்பதற்கு முதல் பரிசு வாங்கினவள் இவள், ஆண்டு விழாவில், நீலநிறப் புத்தகம் ஒன்று, படிக்கவே இல்லை. ஆனால் ஒரு நாள், அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது, கேபிளை மறுபடி பிடுங்கிச் சொருகுகிறாள், இணைக்கப்படவில்லை, ஒரு நாள் வகுப்பில் தமிழ் பேசியதற்காக வராந்தாவில் முட்டி போடச் சொன்னார் சிஸ்டர். முட்டி போட்டாள். போட்டவள் கையைக் கூப்பிக்கொண்டு மங்கள வார்த்தை செபத்தைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள், சத்தமாக, ஒன்று முடிந்ததும் இன்னொன்று, வராந்தா முழுக்கக் கேட்கும்படி. சிஸ்டர் வெளியே வந்தார். செபத்தை நிறுத்து என்று ஒரு கன்னியாஸ்திரி எப்படிச் சொல்வார்? நின்றார், இவளைப் பார்த்தார், தானும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தது. முட்டி எரிந்தது. ஆனால் அன்று அக்ஸிலியா அழவில்லை, பயமாகத்தான் இருந்தது, குரல் நடுங்கித்தான் வந்தது, நடுங்கிக்கொண்டே சொன்னாள். அவள் எங்கே போனாள், அந்த முட்டி எரிந்தவள், அவளுக்கு ஓட்டத் தெரிந்திருக்கும், அவளுக்குக் காந்திபுரம் பாலமெல்லாம் ஒரு பாலமா.

திரையில் விரலால் தேடினாள். செட்டிங்ஸ், அதற்குள் இணைப்புகள், அதற்குள் ஒரு வரிசை, முதலில் கிளீட்டஸ் என்று அவன் போன், அதற்குக் கீழே யாரும் இல்லை. வாங்கி இத்தனை நாளான வண்டிக்குத் தெரிந்த ஒரே மனுஷன் கிளீட்டஸ். இவள் எத்தனை தடவை அந்த இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து வாந்தி எடுக்காமல் ஊருக்குப் போய் வந்திருப்பாள், வயிற்றில் மிரியாவோடு, வண்டிக்கு அது தெரியாது. புதிய போனைச் சேர்க்கவா என்று கேட்டது. சேர். போனிலும் காரிலும் ஒரே எண் வந்தது, ஒன்றுதானா என்று இருபுறமும் கேட்டார்கள், கல்யாணத்தில் பாதிரியார் கேட்கிற மாதிரி, ஆம் என்று இருபுறமும் அமுக்கினாள், சேர்ந்தது, வரிசையில் இவள் போன் கிளீட்டஸுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது, கம்பெனி வைத்த எழுத்தும் எண்ணுமான பெயரில், இவளுக்கே அடையாளம் தெரியாத பெயர். மேப் மட்டும் வரவில்லை. பேச்சுக்கு இந்த ப்ளூடூத் போதும், அது கிட்டத்தில் வந்தாலே தானாக ஒட்டிக்கொள்ளும், மேப் திரைக்கு வரவேண்டும் என்றால் இந்த வண்டிக்குக் கேபிள்தான் வேண்டும், கேபிள்தான் இருக்கிறதே, வெள்ளை வெளேரென்று, மின்னல்கூடக் காட்டுகிறதே, அப்போதுதான் அது ஞாபகம் வந்தது, எப்போதோ கிளீட்டஸ் சொன்னது, "அது பஸ் ஸ்டாண்ட்ல வாங்குன கேபிள்டீ, சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போவாது, மேப்புக்கு என் கருப்பு கேபிள் வேணும்." கருப்பு கேபிள் மாடியில், அவன் லேப்டாப் பையில். சார்ஜ் மட்டும் ஏறும். ஊட்டும், பேச விடாது. அக்ஸிலியாவுக்குச் சிரிப்பு வந்தது, தனியாக, காருக்குள், வேலைக்குப் போகவேண்டாம், வண்டி எடுக்கவேண்டாம், நேரத்துக்குச் சாப்பிடு, மாத்திரை சாப்பிடு, பிள்ளைக்குப் பால் ஊறணும்லா, முட்டை சாப்பிடு. கல்யாணமான நாளிலிருந்து அவளையும் இந்த வெள்ளைக் கேபிளில்தான் மாட்டி வைத்திருக்கிறார்கள். தப்பு கேபிளில் இருக்கிறது, இவள் இவ்வளவு நேரம் டேஷ்போர்டைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

மேலே போய்க் கேபிளை எடுத்துவர வேண்டுமென்றால் மிரியாவை இறக்க வேண்டும், பெல்ட்டை அவிழ்த்தால் முழித்துக்கொள்வாள், இங்கேயே விட்டுவிட்டுப் போவதா, போட்டவ, காரில் விட்டுட்டுப் போனவ, ஐயோ வேண்டாம். கிளீட்டஸைக் கூப்பிடலாம். கூப்பிட்டால், ஒரு கேபிள் மாட்டத் தெரியல, நீ பாலத்துல ஏறப் போறியா என்பான். அண்ணாந்து பார்த்தாள். தூண்களின் மேல் நிற்கிற அடுக்குமாடி, வண்டிகள் தரையில், வண்டிக்கு நேர் மேலே இவர்கள் படுக்கையறை, ஜன்னல் திறந்திருந்தால் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கும். கேட்டது. மின்விசிறி, அதோடு செருப்புச் சத்தம், ஹாலிலிருந்து போனில் பேசிக்கொண்டே அவன் படுக்கையறைக்குள் வருகிறான். உடனே திரை ஒரு தடவை கண்ணடித்தது, கிளீட்டஸ் இணைக்கப்பட்டது என்றது, காரின் நாலு கதவிலிருந்தும் சலேத்தம்மாளின் குரல் கொட்டியது, பாதி வாக்கியத்தில், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. "...நீ சொன்னதுதாம்ல சரி. ஒரு தடவ ஓட்ட விட்டுப் பாத்துட்டா அவளே பயந்துபோயி சரின்னுருவா. வந்தாலும் சரி, வராம எங்கனயாச்சும் வண்டிய இடிச்சிக்கிட்டு நின்னாலும் சரி, வெள்ளிக்கிழம நானும் அப்பாவும் வாரோம், பிள்ளையத் தூக்கிட்டு வந்துருதோம். அவட்ட இப்பம் ஒண்ணும் சொல்லாத, அழுது ஊரக் கூட்டுவா. என்னலே, கேக்கியா?" மேலே ஜன்னலில் கிளீட்டஸ், "அம்மா? ஹலோ? அம்மா, கேக்கல" என்றான். பேச்சு அவன் காதிலிருந்து நழுவிக் காருக்குள் விழுந்துவிட்டது, அவனுக்கு அது தெரியவில்லை.

வந்தாலும் சரி. வந்தாலும் சரி என்றால்? ஸ்டியரிங்கில் கை இருந்தது, உள்ளங்கை கீழே. நீ சொன்னதுதான் சரி என்றால், அவன் சொன்னது. தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்ன அந்தப் பேச்சு. முழுசா வந்துட்டேன்னா. அவள் ஒரு வாரமாக அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள், ராத்திரி கண்ணை மூடி கிளட்ச், கியர், இண்டிகேட்டர் என்று உருப்போட்டாள், பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி, இவள் எந்தப் பரீட்சையிலும் தோற்றவள் இல்லையே, இதிலும் ஜெயித்துப் பிள்ளையை வாங்கிவிடலாம் என்று நினைத்தாளே, யார் பிள்ளையை யார் யாரிடமிருந்து வாங்குவது? வந்தாலும் சரி. பேப்பர் திருத்துவதற்கு முன்பே ஃபெயில் போட்டு வைத்துவிட்டார்கள். அந்தப் பழைய பயம் கிளம்பியது, வழக்கமாக விரலை உதட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும், இன்று வழியில் எதிலோ இடறின மாதிரி நின்றது. பரீட்சையே இல்லையென்றால் ஃபெயில் ஏது. பாலத்தில் தப்பாக ஏறினால் என்ன ஆகிவிடும், இன்னொரு பக்கம் இறங்கும், சுற்றி வருவாள், பெட்ரோல் இருக்கிறது. அவளுக்கு மதிப்பெண் போட உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து போய்விட்ட மாதிரி கார் திடீரென்று விசாலமாகிவிட்டது. முட்டி எரிந்தது. நிஜமாகவே எரிந்தது, அந்த வராந்தாவின் மொசைக் தரை தெரிகிறது. எரிந்தால் எரியட்டும். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாள்.

"மாமி."

"யாரு?"

"நான் அக்ஸிலியா பேசுதேன். கார்ல இருக்கேன். உங்க மவன் போன் காரோட ஒட்டிக்கிட்டு. நீங்க பேசுனது பூரா இங்கதான் விழுந்துச்சு."

"ஏட்டி, ஒட்டுக்கேக்கியா நீ?"

"ஒட்டெல்லாம் இல்ல மாமி, நாலு கதவுலயும் ஸ்பீக்கரு. நல்லாவே கேட்டுச்சு."

"கேட்டா கேளு, எனக்கென்ன பயமா? உன் நல்லதுக்குத்தாம்ட்டி சொல்லுதேன். கட்டில்ல இருந்து பிள்ளையப் போட்டியா இல்லியா?"

இந்த வார்த்தைக்குத்தான் அவள் இத்தனை நாள் ஒளிந்தாள். கேட்டபோது அது வெறும் வார்த்தையாகத்தான் இருந்தது, மாமியின் வாயில் வெற்றிலை மாதிரி மென்று மென்று சாறு போன வார்த்தை. "விழுந்துச்சு மாமி. உங்க மவனுந்தான் விழுந்தாவ. தாடையில அந்தத் தழும்பு, அம்மிக்கல்லுல விழுந்ததுன்னு நீங்கதான சொன்னீய. அன்னைக்கு அவியள யார்ட்டக் குடுத்து வளத்தீய?"

"அது... அந்தக் காலம் வேற."

"பிள்ள விழுதது எல்லாக் காலமும் ஒண்ணுதான். வெள்ளிக்கிழம வாங்க மாமி. மாமாவையும் கூட்டிட்டு வாங்க. வெள்ளிக்கிழம கறி ஆகாது, இங்கன நல்ல மீனும் கெடைக்காது, கெடைக்கதுல கொழம்பு வெக்கேன். இருந்து சாப்புட்டு, பேத்திய மடில வெச்சுக் கொஞ்சிட்டுப் போங்க. தூக்கிட்டுப் போறதுன்னா வராதீய. தர மாட்டேன்."

சொல்லிவிட்டாளா? சொல்லிவிட்டாள், குரல் கடைசியில் கீச்சென்று உடைந்தது, உடைந்தால் என்ன, சொல்லாகிவிட்டது. சலேத்தம்மாள் ஏதோ தொடங்கினாள், என் மவன்ட்ட போனக் குடு என்று, கொடுத்துட்டாப் போச்சு மாமி என்று அக்ஸிலியா திரையில் அந்த வரிசைக்குப் போனாள், கிளீட்டஸ் என்ற பெயரில் விரலை அழுத்திப் பிடித்தாள், இந்த போனை நீக்கவா என்று கேட்டது, இவ்வளவு மரியாதையாக இந்த வீட்டில் யாரும் இவளை எதுவும் கேட்டதில்லை, ஆம். காரில் சத்தம் அற்றுப்போனது. அதே நொடியில் மேலே ஜன்னலில், "ஆங், அம்மா, இப்பம் கேக்கு, சொல்லு" என்று கிளீட்டஸின் குரல், அப்புறம், "யாரு? எப்பம்?" அப்புறம் படியில் செருப்புச் சத்தம், ஒரு செருப்பின் சத்தம்தான், இன்னொன்று வழியில் கழன்றுவிட்டது போலிருக்கிறது. வரிசையில் இப்போது எழுத்தும் எண்ணுமாக இவள் போன் மட்டும். அதை அமுக்கிப் பெயரை மாற்றினாள், அ என்று தொடங்கி முழுசாக, அக்ஸிலியா. கதவு லாக் ஆகியிருக்கிறதா என்று பார்த்தாள். ஆகியிருந்தது. கண்ணாடியில் அவன் முகம் வந்து நின்றது, மூச்சிரைத்து, அந்தத் தாடைத் தழும்போடு. அக்ஸி, கதவத் தொற. அக்ஸி, அம்மா சும்மா பேசுதா, உனக்குத் தெரியாதா. அக்ஸிலியா கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கினாள்.

"உங்க கருப்பு கேபிள எடுத்துட்டு வாங்க."

"கேபிளா? நான் என்ன சொல்லுதேன்னா..."

"கேபிள்."

அவன் நின்றான். இவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள், பார்ப்பதற்கு இங்கே தட்டு எதுவும் இல்லை, அவனும் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. பிறகு ஒற்றைச் செருப்போடு படியேறிப் போனான், வந்தான், கண்ணாடி இடுக்கு வழியாகக் கேபிளின் வாலை நுழைத்தான், இவள் இழுத்துக்கொண்டாள். வெள்ளையைப் பிடுங்கிக் கருப்பைச் சொருகினாள். திரை ஒரு கணம் இருண்டது, இவள் நெஞ்சும், பிறகு நிறம் நிறமாக வந்தது, சாலைகள், பச்சைப் பூங்கா, நீலக்கோடு, அந்தப் பாலம்கூட, இத்தனூண்டு, ஒரு தையல் மாதிரி. "நானும் வரட்டா?" என்றான் அவன், மெதுவாக, நிஜமாகவே கேட்டானோ என்னவோ, அதை அவள் பிற்பாடு யோசிப்பாள், ஒரு வருஷம் யோசித்தாலும் யோசிப்பாள். "வேண்டாம். பரீட்ச முடிஞ்சிட்டு. நான் என் பிள்ளைக்கு ஊசி போடப் போறேன். சாயங்காலம் பேசலாம், நீங்க சொன்னது, உங்கம்மா சொன்னது, எல்லாத்தையும். என் முகத்தப் பாத்து." பின்னால் ஒரு முனகல், மிரியா முழித்துவிட்டாள், பழக்க தோஷத்தில் அக்ஸிலியாவின் கை பின்னால் போய் மூக்கடியில் விரலை வைத்தது, பிள்ளை அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் இழுத்து, புதிதாக முளைத்த இரண்டு பல்லாலும் நறுக்கென்று கடித்தது. ஸ்ஸ் என்று கையை உதறினாள். வலித்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் வலித்தது.

சாவியைத் திருகினாள், கியர் போட்டாள், கிளட்சை விட்டாள், வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. கிளீட்டஸ் ஓரடி முன்னால் வந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, மறுபடி திருகினாள், பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்தாள், மெதுவாக, இன்னும் மெதுவாக, தூண்கள் பின்னால் நகர்ந்தன, வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார், வெயில் ஒரேயடியாக உள்ளே வந்தது. வலப்பக்கம் திரும்பவும் என்று நாலு கதவிலிருந்தும் சொன்னாள் அந்தப் பெண். இண்டிகேட்டர் ஏற்கனவே டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றாள் அக்ஸிலியா.